கம்பெனி போன பிறகு நிலம் யாருக்கு? பெருநிலக் குத்தகையில் நான்கு வழிகள்

2008-இல் அரிசியும் கோதுமையும் உலகச் சந்தையில் தாறுமாறாக விலையேறியபோது, விளைநிலம் தேடி முதலீட்டாளர்கள் ஆப்பிரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் கிளம்பினார்கள். 2009 முடிவதற்குள் அறிவிக்கப்பட்ட பேரங்களின் பரப்பு மட்டும் 5.6 கோடி ஹெக்டேர் என்று உலக வங்கி 2011-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. ஏக்கரில் சொன்னால் ஏறத்தாழ 14 கோடி. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் இருந்தது. அந்தப் பேரங்களில் உண்மையிலேயே சாகுபடி தொடங்கியது ஐந்தில் ஒரு பங்கில்தான்.

இந்த இரண்டாவது கணக்கை வைத்துக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டைச் செய்யப் பார்க்கிறேன். பெருநில முதலீடு பற்றிய விவாதங்களில் ஆதரிப்பவர்கள் வேலைவாய்ப்பையும் அன்னியச் செலாவணியையும் சொல்வார்கள். எதிர்ப்பவர்கள் நிலப்பறிப்பைச் சொல்வார்கள். இரு தரப்பும் தெரியாமலே ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: திட்டம் வெற்றிபெற்றுவிடும் என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பு அப்படியில்லை. பாதியில் நின்றுபோவதுதான் அதிகம் நடந்திருக்கிறது. ஆகவே ஒரு நாடோ மாவட்டமோ கிராமமோ முடிவெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "கம்பெனி கையை விரித்துவிட்டால் நிலம் யாரிடம் திரும்பும், நட்டம் யார் தலையில் விழும்?" என்பதுதான். எத்தனை பேருக்கு வேலை என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கேட்டு ஒரு நிறுவனம் வாசலில் வந்து நிற்கும்போது கண்ணுக்குத் தெரியும் வழிகள் நான்கு. அரசே நிலத்தை எடுத்து நீண்ட குத்தகைக்கு விடலாம். ஊர்மக்களின் சம்மதத்தோடு அவர்களிடமிருந்தே குத்தகை போடலாம். நிலத்தைத் தொடாமல், விளைச்சலை மட்டும் வாங்கும் ஆலையாக நிறுவனத்தை வரச் சொல்லலாம். அல்லது, இப்போதைக்கு யாருக்கும் இல்லை என்று கதவைச் சாத்தலாம். நான்கையும் வெவ்வேறு நாடுகள் செய்து பார்த்துவிட்டன.

அரசு கொடுக்கும் குத்தகை

இதற்கு எத்தியோப்பியாவின் கம்பெல்லா மாகாணத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. எத்தியோப்பிய அரசமைப்புச் சட்டப்படி நிலம் அரசுக்கும் மக்களுக்கும் பொதுவான சொத்து. தனியார் விற்கவோ வாங்கவோ முடியாது. தெற்கு சூடான் எல்லையோரம் இருக்கும் கம்பெல்லாவில் அனுவாக் மக்கள் பாரோ ஆற்றங்கரையில் சோளமும் மக்காச்சோளமும் இடம் மாற்றி மாற்றிப் பயிரிட்டு வந்தவர்கள். காட்டிலும் மீனிலும் அவர்களுடைய பாதிச் சாப்பாடு இருந்தது. இப்படி வாழ்பவர்களின் நிலம் அரசு ஆவணங்களில் பெரும்பாலும் ஆளில்லாத நிலமாகவே பதிவாகிறது. இந்த வருடம் உழாத துண்டு அடுத்த சுற்றுக்காக ஓய்வெடுக்கிறது என்பதை வரைபடம் காட்டாது.

பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி குளோபல், ரோஜாப்பூ ஏற்றுமதியில் பெயர் பெற்ற நிறுவனம். 2010-இல் அது எத்தியோப்பிய வேளாண் அமைச்சகத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 1 லட்சம் ஹெக்டேர், 50 ஆண்டுகளுக்கு. நன்றாக வேலை நடந்தால் இன்னும் 2 லட்சம் ஹெக்டேர். குத்தகை, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 பிர். அன்றைய மதிப்பில் ஒரு டாலரைச் சற்றே தாண்டும். நிலத்தை ஆட்களில்லாமல் காலியாக ஒப்படைப்பதும், தொல்லையில்லாமல் அனுபவிக்கத் தேவையான பாதுகாப்பைக் கட்டணமின்றித் தருவதும் அரசின் பொறுப்பு என்று ஒப்பந்தமே சொன்னது. ஊர்மக்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. அதே காலத்தில் கம்பெல்லாவில் சிதறிக்கிடந்த குடியிருப்புகளை ஓரிடத்தில் சேர்க்கும் கிராமமாக்கல் திட்டத்தை அரசு நடத்திக்கொண்டிருந்தது. இதற்கும் நிலக் குத்தகைக்கும் சம்பந்தமில்லை என்றது அரசு. பலர் கட்டாயத்தின் பேரில் நகர்த்தப்பட்டார்கள் என்றும், காலியான நிலம் முதலீட்டாளர்களுக்காகத்தான் என்று அவர்களில் சிலரிடம் அதிகாரிகளே சொன்னார்கள் என்றும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது.

பிறகு நடந்தது என்ன? 2011-இல் பாரோ பெருக்கெடுத்தது. மக்காச்சோளம் வெள்ளத்தில் போயிற்று. அந்த ஆறு எந்த மாதத்தில் எதுவரை ஏறும் என்று கரையோரத்து அனுவாக் கிழவர்கள் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். பணம் முடங்கியது, இயந்திரங்கள் நின்றன. 2015 டிசம்பரில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அப்போது அரசு சொன்ன காரணம், 1 லட்சம் ஹெக்டேரில் 1,200 ஹெக்டேர்தான் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது என்பது. நூற்றுக்கு ஒன்றேகால் கூட இல்லை.

ரத்தான குத்தகை, கொடுத்தவரிடம் திரும்பும். கொடுத்தவர் அரசு. ஆகவே நிலம் அரசின் கைக்குப் போயிற்று. ஊரைவிட்டு நகர்ந்தவர்கள் பழைய இடத்தைக் கேட்க எந்தக் காகிதமும் அவர்களிடம் இல்லை.

எத்தியோப்பியாவை நிலம் முழுக்க அரசுடைமையான நாடு என்று ஒதுக்கிவிடலாம் என்றால், டான்சானியாவைப் பாருங்கள். அங்கே 1999-இன் கிராம நிலச் சட்டம் ஆப்பிரிக்காவிலேயே மேலான சட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. கிராமத்தின் நிலத்தைக் கிராமமே நிர்வகிக்கலாம், கிராமசபை கூடிப் பேசலாம். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டுமானால் நிலம் முதலில் 'கிராம நிலம்' என்ற வகையிலிருந்து 'பொது நிலம்' என்ற வகைக்கு மாற்றப்பட வேண்டும். பொது நிலம் மத்திய அரசின் நிர்வாகத்தில் இருப்பது. இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. நிறுவனம் போனாலும் நிலம் தானாகக் கிராமத்துக்குத் திரும்பாது.

இதைத் தார் எஸ் சலாமுக்குத் தென்மேற்கே இருக்கும் கிசராவே பகுதியின் 11 கிராமங்கள் பட்டறிந்தன. சன் பயோஃபியூயல்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் காட்டாமணக்கு நட 8,000 ஹெக்டேருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது. (காட்டாமணக்கில் டீசல் எடுக்கும் அந்த அலை நம்மூருக்கும் வந்து போனது; நினைவிருப்பவர்கள் இருப்பார்கள்.) பள்ளிக்கூடம், கிணறு, மருந்தகம் என்று வாய்மொழி வாக்குறுதிகள் நிறைய. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலையும் கிடைத்தது. 2011-இல் நிறுவனம் நொடித்து, திட்டம் வேறொரு முதலீட்டாளருக்கு விற்கப்பட்டது. வேலை போயிற்று. தண்ணீர் எடுத்த இடமும் மூதாதையர் கல்லறைகளும் வேலிக்குள் இருந்தன. கிராமத்தார் சம்மதித்துத்தான் கொடுத்தார்கள், உண்மை. 99 ஆண்டுக்கு வாடகைக்கு விடுகிறோம் என்று நினைத்தார்கள். சட்டத்தின் கண்ணில் அது நிரந்தரமாகக் கைவிட்டதற்குச் சமம்.

இந்த முதல் வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது வேகம். ஒரே கையெழுத்து, ஒரே அலுவலகம். நிறுவனத்துக்கு அது வசதிதான். நிலத்துக்காரர் இல்லாமல் போட்ட ஒப்பந்தம் எவ்வளவு எளிதாக உருவாகிறதோ அவ்வளவு எளிதாக உடைகிறது என்பதும் உண்மை. மடகாஸ்கரில் தென்கொரியாவின் தேவூ லாஜிஸ்டிக்ஸ் 13 லட்சம் ஹெக்டேர் கேட்ட செய்தி 2008 நவம்பரில் வெளிவந்தது. சில மாதங்களில் அதிபர் ரவலோமனனாவின் ஆட்சி கவிழ்ந்ததற்கு அந்தப் பேரமும் ஒரு காரணமாயிற்று. புதிதாக வந்தவர் முதல் வேலையாக அதை ரத்து செய்வதாக அறிவித்தார்.

அரசு தானே ரத்து செய்தால் இன்னொரு செலவும் காத்திருக்கிறது. பகமோயோவில் கரும்புத் திட்டத்துக்காக ஒரு சுவீடன் நிறுவனத்துக்குக் கொடுத்த நில உரிமையை டான்சானியா 2016-இல் பறித்தது. நிறுவனம் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டிச் சர்வதேச நடுவர் மன்றம் போயிற்று. 2022-இல் தீர்ப்பு டான்சானியாவுக்கு எதிராக வந்தது. கொடுத்தாலும் நட்டம், திருப்பி வாங்கினாலும் நட்டம்.

ஊரின் சம்மதத்தோடு

இரண்டாவது வழிக்கு இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மொசாம்பிக்கிலும் நிலம் அரசுடையதுதான். ஆனால் 1997-இன் நிலச் சட்டம், வழக்கப்படி நிலத்தை அனுபவித்து வரும் சமூகத்துக்கும், 10 ஆண்டுகள் நல்லெண்ணத்தோடு பயிரிட்டு வரும் தனிமனிதருக்கும் பயன்பாட்டு உரிமை இருப்பதாக ஏற்றுக்கொண்டது. காகிதம் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு; அண்டை வீட்டாரின் வாய்மொழிச் சாட்சியே போதும். நீண்டகால உள்நாட்டுப் போர் முடிந்து மக்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. பத்திரம் கேட்டால் பாதி நாடு நிலமற்றதாகிவிடும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பிரிவு. முதலீட்டாளருக்குக் கிடைக்கும் உரிமை முதலில் தற்காலிகமானது. வெளிநாட்டவருக்கு 2 ஆண்டு, உள்நாட்டவருக்கு 5 ஆண்டு. சொன்ன திட்டத்தை அதற்குள் செயல்படுத்திக் காட்டினால்தான் 50 ஆண்டு உரிமை உறுதியாகும். காட்டாவிட்டால் உரிமையை இழக்க நேரிடும். தோல்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதிய பிரிவு இது.

ஏட்டில் இப்படி. காசா மாகாணத்தில் மசிங்கிர் அணைப் பகுதியில் புரோகானா என்ற கரும்பு எத்தனால் திட்டத்துக்கு 30,000 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதி, லிம்போபோ தேசியப் பூங்காவிலிருந்து வெளியேற்றப்படவிருந்த மக்களுக்கு ஏற்கெனவே காட்டப்பட்டிருந்தது. 2009 டிசம்பரில், வாக்களித்தபடி வேலை நடக்கவில்லை என்று அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. சட்டம் வேலை செய்தது என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஊர்க் கலந்தாய்வு என்பது பல இடங்களில் ஒரே ஒரு கூட்டம். நிறுவனத்தின் வண்டியில் அதிகாரி வந்து இறங்குவார், தலைவர் தலையாட்டுவார், கைரேகையோடு முடிந்துவிடும். குறைந்தது இரண்டு கூட்டமாவது வேண்டும் என்று 2011-இல் விதியைத் திருத்த வேண்டி வந்தது.

சியரா லியோன் கதை வேறு திசையில் போகிறது. அங்கே மாகாணங்களின் நிலம் குடும்பங்களுடையது. ஆனால் 1927-இன் காலனியச் சட்டம் ஒன்று அதன் காவலர்களாக, வட்டாரங்களின் பாரம்பரியத் தலைவர்களான பெருந்தலைவர்களை வைத்திருந்தது. வெளியாருக்குக் குத்தகை விட அவர்கள் ஒப்பினால் போதும். மகேனி நகரத்துக்கு அருகே 2010 வாக்கில் சுவிட்சர்லாந்தின் அடாக்ஸ் நிறுவனம் கரும்பு எத்தனால் திட்டம் தொடங்கியபோது இந்த முறையில்தான் 50 ஆண்டுக் குத்தகை போடப்பட்டது. வாடகையில் நிலத்துக்காரருக்குப் பாதி. மீதி மாவட்ட சபைக்கும் பெருந்தலைவரின் நிர்வாகத்துக்கும் தேசிய அரசுக்கும். இந்தப் பங்கீட்டை அரசு வகுத்தது. நிலத்துக்காரருக்குப் போதவில்லை என்று உணர்ந்து, நிறுவனம் குடும்பங்களோடு தனியே ஓர் உடன்பாடு போட்டுக் கூடுதல் தொகை கொடுத்தது.

நிறுவனத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அடாக்ஸ் திட்டம் அந்தக் காலத்தின் முன்மாதிரி. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் ஐரோப்பிய வளர்ச்சி வங்கிகளும் கடன் கொடுத்தன. சமூகத் தாக்க ஆய்வு, சுற்றுச்சூழல் ஆய்வு, ஊரார் நெல் பயிரிடப் பயிற்சித் திட்டம் எல்லாம் இருந்தன. 2013-இல் உயிரி எரிபொருளுக்கான வட்டமேசை அமைப்பின் நிலைத்தன்மைச் சான்றிதழை ஆப்பிரிக்காவிலேயே முதன்முதலாக வாங்கியது. உச்சத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை. 'பொறுப்பான முதலீடு' என்று யார் கேட்டாலும் சுட்டிக்காட்டப்பட்ட இடம் அது.

எபோலா வந்தது. விளைச்சல் எதிர்பார்த்த அளவைத் தொடாமல் திணறிக்கொண்டிருந்தது. 2015-இன் நடுவில் நிறுவனம் வேலைகளைச் சுருக்கியது. ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2016-இல் சன்பேர்ட் என்ற நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. பங்குகள் கைமாறினால் குத்தகைக்கு ஒன்றும் ஆகாது. குத்தகைதாரர் அதே நிறுவனம்தானே. சுற்றுப் பாசனத்துக்காக வட்டமாக அமைத்த கரும்பு வயல்களின் நடுவே நிலம் கிடந்தது, அதை உழுதால் ஒப்பந்த மீறல், உழாவிட்டால் அடுப்பு எரியாது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். அந்த ஆவணங்கள் எல்லாம் உள்ளே நுழையும் வாசலைக் காத்தன. வெளியேறும் வாசலில் காவலே இல்லை. யார் சம்மதித்தார்கள், எத்தனை மரத்துக்கு எவ்வளவு இழப்பீடு, தொழிலாளருக்குக் கையுறை உண்டா என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. திட்டம் நின்றால் எத்தனை மாதத்தில் நிலம் திரும்ப வேண்டும், வாய்க்காலை யார் மூடுவது, கடன் கொடுத்த வங்கியின் பொறுப்பு என்ன என்ற கேள்விகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

சியரா லியோன் 2022-இல் புதுச் சட்டங்கள் கொண்டுவந்தது. குடும்ப நிலத்தை முதலீட்டுக்குக் கொடுக்க, வயதுவந்த ஆண், பெண் உறுப்பினர்களில் 60 விழுக்காட்டினராவது ஒப்ப வேண்டும். பெருந்தலைவர் மட்டும் கையெழுத்திட்டால் செல்லாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நிலத்துக்காரர்களுக்கு வந்தது, பெண்களுக்குச் சம உரிமை வந்தது, ஒரு முதலீட்டாளர் வைத்திருக்கக்கூடிய பரப்புக்கு உச்சவரம்பும் வந்தது. மாலென் பகுதியில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் வைத்திருக்கும் சொக்ஃபின் போன்ற நிறுவனங்கள், இனி யாரும் முதலீடு செய்ய வரமாட்டார்கள் என்று எதிர்த்தன. அந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பல ஆண்டுகளாக நடந்த மோதல்களையும் கைதுகளையும் பார்த்தவர்களுக்கு, பழைய முறையும் முதலீட்டாளருக்கு நிம்மதி தரவில்லை என்பது தெரியும்.

உச்சவரம்பு பற்றி ஒரு எச்சரிக்கை. கம்போடியாவின் 2001 நிலச் சட்டம் ஒருவருக்கு 10,000 ஹெக்டேருக்கு மேல் கிடையாது என்றது. கோ கொங் மாகாணத்தில் கரும்புக்காகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிறுவனங்களின் பெயரில் இரண்டு நிலச் சலுகைகள் (அரசு நிறுவனங்களுக்கு விடும் நீண்டகால நிலக் குத்தகைகள்) 2006-இல் கொடுக்கப்பட்டன; ஒவ்வொன்றும் வரம்புக்குச் சற்றே கீழே. சேர்த்தால் ஏறக்குறைய 19,000 ஹெக்டேர். நிறுவனத்தின் பின்னால் இருக்கும் ஆளை எண்ணாமல் நிறுவனத்தின் பெயரை எண்ணினால் உச்சவரம்பு வெறும் அலங்காரம்தான். பினாமிக்குப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிலத்தைத் தொடாமல்

மூன்றாவது வழியில் நிறுவனத்துக்கு வேண்டியது ஆலை கட்டப் போதுமான இடம். பயிரிடுவது சிறு விவசாயிகள், அவரவர் நிலத்தில்.

இதில் உலகின் பெரிய அனுபவம் கென்யத் தேயிலை. 1964-இல் அரசு அமைப்பாகத் தொடங்கப்பட்டு, 2000-இல் தனியார் நிறுவனமாக்கப்பட்ட கென்யத் தேயிலை மேம்பாட்டு முகமையின் கீழ் இன்று 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள். பெரும்பாலானவர்களுக்குத் தேயிலை அரை ஹெக்டேர்கூட இராது. பச்சைத் தேயிலையைக் கொள்முதல் மையத்தில் கொடுத்து மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டு முடிவில் போனஸ். தொழிற்சாலைகளின் பங்குகளும் அவர்களுடையவை. நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகிறது. காலனிய காலத்தில் பெருந்தோட்டம் இல்லாமல் நல்ல தேயிலை வராது என்று அடித்துச் சொல்லப்பட்டது என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. நிர்வாகக் கட்டணம் எவ்வளவு, மொம்பாசா ஏலத்தில் கிடைத்த விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் நடுவில் என்ன ஆயிற்று, கிழக்குப் பகுதித் தொழிற்சாலைக்கு ஒரு போனஸ், மேற்குப் பகுதிக்கு ஒன்றா என்று ஆண்டுதோறும் சண்டை. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இந்தப் புகார்களில் எதுவுமே புதிதாகத் தெரியாது. 2020-இல் தேயிலைச் சட்டம், 2021-இல் அதிபரின் ஆணை என்று அரசு உள்ளே நுழைந்து முகமையின் இயக்குநர் குழுவையே மாற்ற வைத்தது. இலை பறிப்பது மனைவி, கணக்கு கணவன் பெயரில் என்ற பழைய வழக்கும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

இந்த வழி தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் கென்யாவிலேயே விடை இருக்கிறது. முமியாஸ் சர்க்கரை ஆலை 1970-களில் தொடங்கி ஒரு காலத்தில் நாட்டின் பெரிய ஆலையாக இருந்தது. சுற்றிலும் பல்லாயிரக்கணக்கான கரும்பு விவசாயிகள். நிர்வாகச் சீர்கேட்டாலும் மலிவான இறக்குமதிச் சர்க்கரையாலும் நொடித்து, 2019 செப்டம்பரில் கடன் கொடுத்த வங்கி, கடனை மீட்க ஆலையின் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும் பெறுநரை நியமிக்கும் நிலைக்கு வந்தது. விவசாயிகளின் கரும்பு நிலுவை போனதுதான். பலருக்கு அது பெரிய அடி. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வேறு வழியில்லை. ஆனாலும் கரும்புக் கட்டையைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் நட அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கிசராவேயையும் முமியாஸையும் பக்கத்தில் வைத்தால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது புரிந்திருக்கும்.

எல்லாப் பயிருக்கும் இது பொருந்தாது. பறித்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆலைக்குப் போயாக வேண்டிய தேயிலை, கரும்பு, எண்ணெய்ப்பனை போன்றவற்றில் ஆலையும் விவசாயியும் ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாது. மூட்டை கட்டி யாருக்கும் விற்கக்கூடிய மக்காச்சோளத்தில், நிறுவனம் விதையும் உரமும் கடனாகக் கொடுத்தால் அறுவடையன்று வேறொரு வியாபாரி வந்து இரண்டு காசு கூடக் கொடுத்து வாங்கிப் போவார். ஆலை ஒன்றே ஒன்று இருந்தால், அது வைத்ததே விலை. மேய்ச்சலை நம்பியிருப்பவர்களுக்கும் நிலமே இல்லாதவர்களுக்கும் இந்த ஏற்பாட்டில் இடமே கிடையாது.

கதவைச் சாத்துவது

நான்காவது வழியைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். லாவோஸ் 2007-இல் பெரிய நிலச் சலுகைகளை நிறுத்தி வைத்தது, இடையில் தளர்த்தியது, 2012-இல் ரப்பர், யூகலிப்டஸ் தோட்டங்களுக்கு மீண்டும் நிறுத்தியது. கம்போடியாவில் 2012 மே மாதம் பிரதமர் ஹுன் சென் புதிய சலுகைகளுக்குத் தடை போட்டார். கூடவே மாணவத் தொண்டர்களைச் சீருடையில் கிராமங்களுக்கு அனுப்பி நிலம் அளந்து பட்டா கொடுக்கச் செய்தார். பல லட்சம் பட்டாக்கள் வந்தன. ஏற்கெனவே நிறுவனங்களோடு தகராறில் இருந்த துண்டுகளைப் பல இடங்களில் அளக்காமல் விட்டுப் போனார்கள். யாருக்குப் பட்டா அவசரமோ அவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

ஆகவே தடையைத் தனி வழியாக நான் மதிக்கவில்லை. நில அளவையும் உரிமைப் பதிவும் முடியும்வரை அவகாசம் வாங்க அது பயன்படும். அந்த வேலை நடக்காத தடை, பழைய சலுகைக்காரர்களின் நிலத்துக்கு மதிப்பை ஏற்றிவிடுவதோடு சரி.

உலக விதிமுறைகள் உதவுமா?

நில உரிமை நிர்வாகத்துக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகளை உலக உணவுப் பாதுகாப்புக் குழு 2012 மே 11 அன்று ஏற்றது. பொறுப்பான வேளாண் முதலீட்டுக் கோட்பாடுகள் 2014 அக்டோபரில் வந்தன. பெயரே சொல்வதுபோல் இவற்றில் கட்டாயம் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் நேரடியாகக் காட்டி வெல்ல முடியாது.

பணம் போகும் வழியில் இவை நுழையும்போது மட்டும் பல் முளைக்கிறது. லைபீரியாவில் மலேசியாவின் சைம் டார்பி 2009-இல் 2,20,000 ஹெக்டேரை 63 ஆண்டுகளுக்கு எடுத்தது (மலேசியத் தோட்டத் தமிழர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத பெயர்). கிராண்ட் கேப் மவுண்ட் பகுதி மக்கள் 2011-இல் தங்கள் அரசிடம் முறையிட்டதோடு நிற்காமல், எண்ணெய்ப்பனைக்குச் சான்றிதழ் தரும் வட்டமேசை அமைப்பிடமும் புகார் கொடுத்தார்கள். சான்றிதழ் போனால் ஐரோப்பியச் சந்தை போகும் என்பதால் நிறுவனம் உட்கார்ந்து பேசியது, விரிவாக்கம் நின்றது. கடைசியில் ஏறக்குறைய 10,000 ஹெக்டேரில் மட்டும் நட்டுவிட்டு, 2020-இல் தோட்டத்தை விற்று வெளியேறியது. புகார் பலித்தது, ஒப்பந்தத்தின் 63 ஆண்டு கணக்கை அது தொடவில்லை.

என் தேர்வு

ஊரில் ஏற்கெனவே பயிரிடுபவர்கள் இருந்து, பயிர் உடனே ஆலைக்குப் போக வேண்டியதாக இருந்தால், மூன்றாவது வழியை முதலில் எடுப்பேன். விலைச் சண்டை வரும், நிலுவை சேரும். அவற்றுக்குச் சங்கமும் சட்டமும் ஓரளவு மருந்து. போன நிலத்துக்கு அப்படி மருந்து கிடையாது. ஒரே நிறுவனத்தை நம்பாமல், ஆலையின் பங்குகளில் ஒரு பகுதியை விவசாயிகள் வைத்திருக்கும் ஏற்பாடு தொடக்கத்திலேயே வர வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

அணை, கால்வாய், சுற்றுப் பாசனம் என்று பெரும் முதல் போட்டே ஆக வேண்டிய இடத்தில் இரண்டாவது வழி. ஆனால் சியரா லியோனின் 60 விழுக்காட்டு விதியையும் மொசாம்பிக்கின் இரண்டாண்டுத் தற்காலிக உரிமையையும் சேர்த்துத்தான். முதலில் 1,000 ஹெக்டேர் கொடுங்கள். நட்டுக் காட்டிய பிறகு அடுத்தது. எத்தியோப்பிய ஒப்பந்தத்தில்கூடக் கூடுதல் 2 லட்சம் ஹெக்டேருக்கு இந்த நிபந்தனை இருந்தது. முதல் 1 லட்சமோ மொத்தமாகவே கொடுக்கப்பட்டது. குத்தகை முறிந்தால் நிலம் அரசுக்குப் போகாமல், கையெழுத்திட்ட குடும்பங்களுக்கே திரும்பும் என்று வரைபடத்தோடு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். டான்சானியா போல வகை மாற்றம் கட்டாயம் என்றால், முதலீட்டாளர் தேடுவதற்கு முன் அந்தச் சட்டத்தை மாற்றியாக வேண்டும். நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் கைமாறுவதையும் புதிய குத்தகையாகவே கருதி ஊரிடம் மறுபடி கேட்க வேண்டும். அடாக்ஸ் விஷயத்தில் இது ஒன்று இருந்திருந்தால் 2016-இல் மகேனி மக்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருந்திருப்பார்கள்.

முதல் வழியை, நிலத்தில் உண்மையிலேயே யாருக்கும் பாத்தியதை இல்லை என்று அளந்து நிரூபித்தால் ஏற்கலாம். அப்படிப்பட்ட நிலம், தண்ணீரும் சாலையும் அருகிலிருக்கும் இடத்தில், நிறுவனம் விரும்பும் தரத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான்காவது வழியை, அளவை முடியும் தேதியைக் குறிப்பிட்டு மட்டும்.

இன்னொன்றும் கேட்பேன். சுரங்கம் தோண்ட வருபவரிடம், மூடும்போது நிலத்தைச் சரிசெய்ய ஒரு வைப்புத்தொகையை முன்கூட்டியே வாங்கும் வழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. காட்டை அழித்து, வாய்க்கால் வெட்டி, சதுப்பை வடிக்கும் வேளாண் நிறுவனத்திடம் அதைக் கேட்பது அரிது. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஊரின் பெயரில் வங்கியில் போட்டுவைக்கச் சொன்னால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பார்கள் அமைச்சர்கள். 20 பிர் குத்தகைக்கு 1 லட்சம் ஹெக்டேர் எடுத்து 1,200-இல் வேலை செய்பவர் ஓடட்டும். வைப்புத்தொகை கட்டத் தயாராக இருப்பவர் 5,000 ஹெக்டேர்தான் கேட்பார், ஆற்றில் எப்போது வெள்ளம் வரும் என்று விசாரித்துவிட்டே கேட்பார்.